என் ஆம்ப்ளிஃபயர் ஆலை மாறிய வருஷம்

1

எங்கள் சிப்பைச் செய்துவந்த ஆலை அந்தப் பழைய தயாரிப்பு வரிசையை மூடப்போகிறது என்ற செய்தி எனக்கு நான்கு வரி மின்னஞ்சலாக வந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தினமும் வேலைக்குப் போகும் டிராமில், கம்பியைப் பிடித்து நின்றபடி படித்தேன். கடைசி ஆர்டரை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், அதற்குப் பிறகு தந்தால் ஏற்க இயலாது, இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது என்பது நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. திரும்பி நடந்தேன்.

அந்த சிப்புக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இந்த ஊரில் நான் வடிவமைத்த முதல் சுற்று. நெஞ்சில் ஒட்டும் மின்முனைகளிலிருந்து வரும் இதயத்தின் சமிக்ஞையைப் பெரிதாக்கிக் கொடுப்பது அதன் வேலை. கையடக்கமான இதயக் கண்காணிப்புக் கருவி ஒன்றில் அது உட்கார்ந்திருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் வாங்கும் கருவி அல்ல. சின்ன ஊர் மருத்துவமனைகள் விலை பார்த்து வாங்குவது.

இதயம் தரும் சமிக்ஞை ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதே உடம்பின் மீது சுவரில் ஓடும் ஒயரும் டியூப்லைட்டும் ஃபேனும் சேர்ந்து அதைவிடப் பல மடங்கு இரைச்சலை ஏற்றிவைக்கின்றன. அந்தச் சந்தைக்கடை இரைச்சலுக்குள் இதயம் முணுமுணுப்பதை மட்டும் கேட்க வேண்டும். அதற்காக ஆம்ப்ளிஃபயரின் வாசலில் இரண்டு டிரான்சிஸ்டர்களை இரட்டைப் பிள்ளைகள் போல வைப்போம். மின்சார இரைச்சல் இரண்டுக்கும் ஒரே அளவில் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப் போகும், இதயம் மிஞ்சும். இரட்டையர் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்வரை எல்லாம் நலம். துளி வித்தியாசம் வந்தாலும் இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும்.

அன்று சாயங்காலம் கீரனூரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் ஆத்தா, அவன் மூடுனா மூடிட்டுப் போறான். வேற பேக்டரில குடுத்துச் செஞ்சுக்க வேண்டியதுதான?"

"அது அப்புடி முடியாதுப்பா. ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு விதமாச் செய்யும். இப்ப பெரிய பஸ்ஸுக்குக் கட்டுன பாடியத் தூக்கி மினி பஸ் சேசிஸ் மேல வச்சா ஒக்காருமா?"

"எங்கிட்டு ஒக்காரும்? வெட்டணும்."

"வெட்டுனா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வெட்டுனா படி இருக்க எடத்துல சீட்டு வரும். பின் டயரு மேல டிரைவரு ஒக்காரணும்."

"அதான்ப்பா. புதுசாத்தான் கட்டணும்."

"சரி, கட்டு. ஒனக்குத் தெரியாதா என்ன" என்று சொல்லிவிட்டு மழை பெய்ததா என்று கேட்டார்.

2

எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம் பக்கத்தில் யாருக்குத்தான் உண்டு? ஆ. சகாயராணி. ஆ என்றால் ஆரோக்கியசாமி, அப்பா. பள்ளியிலும் திருச்சிக் கல்லூரியிலும் அந்த ஒற்றை எழுத்து போதுமானதாக இருந்தது. இங்கே வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் குடும்பப் பெயர் எது?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். எல்லோருக்கும் இருக்கும் என்றார். எனக்கு இல்லை என்றேன். கணினியில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார்கள். அதிலிருந்து இந்த ஊரில் நான் ஃபிராவ் ஆரோக்கியசாமி. அதாவது திருமதி ஆரோக்கியசாமி. வங்கி, மருத்துவர், தபால்காரர், மகளின் பள்ளி என்று எல்லா இடத்திலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் கணவர் வின்சென்ட்டுக்கும் அதே மாதிரி அவருடைய அப்பா பெயர் வந்து சேர்ந்தது. ஒரே வீட்டுக் கதவில் இரண்டு தாத்தாக்களின் பெயர்கள் தொங்குவதைப் பார்த்து மாடிவீட்டுக்காரர் நாங்கள் மணம் செய்துகொண்டோமா என்று நாசூக்காக விசாரித்தார்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப ஜெர்மனிக்காரன் பூராப் பேரும் எம்பேரச் சொல்லியா ஒன்னயக் கூப்புடுறான்?"

ஆமாம் என்றேன். அந்த வாரம் முழுக்கக் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் அதுதான் பேச்சு என்று அம்மா சொன்னாள்.

3

ஆலை மாறுவது பற்றிய கூட்டத்தில் எங்கள் குழுத்தலைவி ஆன்கே ஒரு யோசனையோடு வந்தார். ஆன்கே நல்லவர், ஆனால் கணக்குக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நிற்பவர். பழைய வரைபடத்தை எடுத்துப் புது ஆலையின் அளவுகளுக்குத் தானாகவே மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதை விற்பவர்கள் சில வாரங்களில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள் என்றார். எங்கள் குழு சிறியது. மேலிடம் ஏற்கெனவே இந்தக் குழு எதற்கு என்று கேட்க ஆரம்பித்திருந்தது. பழைய ஆலை நிற்பதற்குள் புது சிப் தயாராகவில்லை என்றால் கருவி செய்யும் வாடிக்கையாளர் வேறு எவரிடமாவது போய்விடுவார். பிறகு நாங்களும் கலைக்கப்படுவோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆம், இல்லை என்று மட்டும் பேசும் சிப்புகளை மென்பொருள் மாற்றிவிடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே ஒரு டிரான்சிஸ்டர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆம் என்பது ஆம்தான். என் சுற்று அப்படிப்பட்டதல்ல. ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில் இருக்கும் எல்லா அளவுகளிலும் அது வேலை செய்ய வேண்டும். பழைய ஆலையின் சிப் அதிக வோல்ட்டில் ஓடியது. நான்கு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நல்ல பெருக்கம் எடுத்திருந்தேன். புது ஆலையின் வோல்ட் குறைவு. அந்த உயரத்தில் நான்கு அடுக்கு நிற்காது; இரண்டே சிரமம். போதாதற்கு, புது டிரான்சிஸ்டர் வேகத்தில் கெட்டி, பெருக்கத்தில் சோனி. ஆகவே உயரமாகக் கட்டியதைக் கலைத்துப் பக்கவாட்டில் இரண்டு கட்டமாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால், ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்த மைக் போல, அது தானாகவே ஊளையிடத் தொடங்காதபடி அடக்கி வைக்கவும் வேண்டும். இதையெல்லாம் அளவை மட்டும் சுருக்கும் மென்பொருள் எப்படிச் செய்யும்?

இதைக் கூட்டத்தில் ஜெர்மன் மொழியில் சொல்ல எழுந்தேன். வாடிக்கையாளரின் ஆட்களும் இருந்தார்கள். மின்னணுச் சுற்றின் இரைச்சலுக்கு ஜெர்மனில் ரௌஷென் என்று பெயர். கடைசி அசையை விட்டுவிட்டு ரௌஷ் என்று சொன்னால் அதற்குப் போதை என்று பொருள். நான் படபடப்பில் அந்தக் கடைசி அசையை விழுங்கிவிட்டேன்.

"மென்பொருள் தரும் சுற்றில் போதை தாங்க முடியாத அளவுக்கு இருக்கும். நோயாளியின் இதயத்தைவிடப் போதை அதிகம்" என்று உறுதியான குரலில் சொல்லி முடித்தேன்.

வாடிக்கையாளர் பக்கம் இருந்த பெரியவர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். ஆன்கே உதட்டைக் கடித்தார். எனக்கு அருகில் இருந்த பியோத்தர் மெதுவாகச் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார். பியோத்தர் போலந்துக்காரர், எங்கள் லேஅவுட் வரைபவர். நான் கணக்குப் போட்டுத் தரும் டிரான்சிஸ்டர்களைச் சிலிக்கானில் எந்த இடத்தில் எந்த வடிவில் வைப்பது என்பதை வரைவது அவர் வேலை. அவரும் இந்த மொழியைப் பெரியவரான பிறகு கற்றவர்.

உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னது. நான் உட்காரவில்லை.

4

ஏன் உட்காரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். விமானத்தில் வந்து நேரே வார்டுக்குப் போனேன். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு சின்னக் கருவி பச்சைக் கோடு வரைந்துகொண்டிருந்தது. அதன் முகப்பையும் பொத்தான்களையும் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் அதே மாதிரிக் கருவியைத் திறந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"என்னாத்தா, வந்ததுலேருந்து என்னயப் பாக்காம அதையே பாத்துக்கிட்டு இருக்க? டிவியா அது?" என்றார் அப்பா.

"அப்பா, இதுக்குள்ள இருக்குற சிப்புல ஒரு பகுதி நான் செஞ்சது."

அப்பா கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருந்து கொடுக்க வந்த நர்ஸைக் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார். "தாயி, இந்த மிஷினு எம் மக செஞ்சதும்மா." அப்பா, ஒரு பகுதிதான், என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. எதிர்க் கட்டில்காரருக்கும் சொன்னார். வார்டைப் பெருக்க வந்த அம்மாளுக்கும் சொன்னார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கும் சொல்ல, அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கைகுலுக்கினார்.

பக்கத்துக் கட்டிலில் கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர். காதர் பாய். சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர். அவருக்கும் அதே கருவிதான் மாட்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, கடல்ல எங்ககிட்ட மீன் எங்க கெடக்குன்னு காட்டுற மிஷினு ஒண்ணு இருக்கு. பாதி நாளு இல்லாத மீனக் காட்டும். இது அப்புடிப் பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாதுங்க."

"ஃபேனு ஓடுது, லைட்டு எரியுது. அந்தக் கரண்டெல்லாம் இதுல கலக்காதா?"

இத்தனை வருட வேலையில் இவ்வளவு சரியான கேள்வியைச் சில நேர்காணல்களில்கூட நான் எதிர்கொண்டதில்லை. அவர் படகில் ரேடியோ, என்ஜின், விளக்கு எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போடுவதைப் பார்த்தவர். "கலக்காமப் பாத்துக்குறதுதாங்க என் வேலை" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கினார். நான் எழுந்து வார்டின் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அப்பாவின் கருவியில் ஓடிய கோட்டைப் பார்த்தேன். அது கலங்கவில்லை. எனக்குள் ஏற்பட்ட பெருமையை எந்தச் சம்பளச் சீட்டிலும் நான் கண்டதில்லை.

அப்பா ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். இப்போது மாத்திரையும் நடையுமாக நன்றாக இருக்கிறார்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தபோது எனக்கு நினைவு வந்தது காதர் பாயின் கேள்வி. ஆகவே நின்றபடியே, இந்த முறை இங்கிலீஷில், சொன்னேன். மென்பொருளை விற்பவர்கள் மாதிரிக்கு மாற்றி அனுப்பிய வரைபடத்தைக் கூட்டத்துக்கு முன்பே நான் சோதித்துவிட்டேன். கணினியில் ஒரு முறை ஓட்டினால் அழகாக இருக்கிறது. ஆலையில் இயல்பாக நிகழும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களைச் சேர்த்துப் பலமுறை ஓட்டினால், இரட்டையர் ஒன்றுபோல இருப்பதில்லை. சுருக்கிய டிரான்சிஸ்டரில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. இதைக் கருவியில் வைத்தால் சில கருவிகள் நன்றாக ஓடும், சில கருவிகள் பொய் சொல்லும். எது எது என்று முன்கூட்டியே தெரியாது.

யாரும் சிரிக்கவில்லை. ஆன்கே ஒரு வழி சொன்னார். சோதனைச் சிப் ஒன்று செய்யலாம். பல நிறுவனங்கள் ஒரே சிலிக்கான் தகட்டில் இடம் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஏற்பாடு. அதில் மென்பொருளின் சுற்றும் இருக்கட்டும், ராணியின் சுற்றும் இருக்கட்டும். அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

5

வீட்டில் என் மகள் ஜெனி, பதினாலு வயது, ரௌஷ் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தக் கடைசி அசையை நான் சரியாகச் சொல்லும்வரை சாப்பாட்டு மேசையில் பயிற்சி கொடுத்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எப்போது இப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் "அம்மா இங்கிட்டு வா" என்று என் ஊர்ப் பேச்சே பேசியவள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் என் பக்கத்தில் உட்காராமல் நண்பர்கள் பக்கம் போய் நின்றுகொள்வாள். நான் வாய் திறந்தால் கண்ணால் எச்சரிப்பாள். எனக்கு வருத்தம் உண்டு. அதைவிட அதிகமாக ஆச்சரியம் உண்டு; என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இவ்வளவு சரளமாக அந்நியராக இருக்க முடிகிறதே என்று.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒருவர், "ஆகா, உங்கள் சுற்றும் நம்மைப் போலப் புலம்பெயர்கிறது!" என்று மேடையிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் கைதட்டினேன். ஆனால் என் சுற்றுக்கு ஊர் நினைப்பு கிடையாது. அதற்கு வேண்டியது சமமான இரண்டு டிரான்சிஸ்டர்கள் மட்டுமே.

அந்த மாதங்களில் நானும் பியோத்தரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தோம். நான் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் அளவையும் புதிதாகக் கணக்கிட்டேன். பழைய எண்களைப் பார்க்கக் கூடாது என்று அந்தத் தாளை அலமாரிக்குள் வைத்தேன். பழைய எண் கண்ணில் பட்டால் கை அதை நோக்கிப் போகும். இரண்டு கட்டமாகக் கட்டிய சுற்று முதலில் ஊளையிட்டது. அடக்கினேன். அடக்கியதில் மந்தமானது. மறுபடி கணக்கு. பழைய ஆலையில் வெப்பத்துக்கு அசையாத ஒரு வகை மின்தடை இருந்தது. புதியதில் அது இல்லை. சூட்டில் ஏறும் ஒன்றையும் இறங்கும் ஒன்றையும் சேர்த்துக் கட்டி அந்தக் குறையைச் சரிசெய்தோம். பியோத்தர் இரட்டையரை அவ்வளவு அழகாக, இடதும் வலதும் கண்ணாடி பார்த்ததுபோல வரைந்திருந்தார்.

ஒரு நாள் மதியம் எல்லாம் முடிந்தது. ஆலைக்கு அனுப்பினோம்.

6

சோதனைச் சிப்புகள் ஒரு சின்னப் பெட்டியில் வந்தன. ஆய்வகத்தில் ஆன்கே, பியோத்தர், நான். இரட்டையர் இருவருக்கும் ஒரே இரைச்சலைக் கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு கசிகிறது என்று அளப்பதுதான் சோதனை. முதலில் மென்பொருளின் சுற்று. கசிந்தது. ஒரு சிப்பில் கொஞ்சம், ஒன்றில் நிறைய, ஒன்றில் மிக நிறைய. ஆன்கே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு என்னுடையது. அதுவும் கசிந்தது.

மென்பொருளின் அளவுக்கு இல்லை. ஆனால் கருவிக்கு ஏற்ற அளவைவிட அதிகம். ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி வைத்தோம். எல்லாச் சிப்பும் கசிந்தது. பியோத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆன்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தெரிந்துகொள்ள அல்ல, எங்கள் முகத்தைப் பார்க்காமலிருக்க. "திங்கட்கிழமை மேலிடத்துக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன், புளி போட மறந்தேன். வின்சென்ட் அதையும் குடித்தார். அப்பா போன் செய்தபோது, "எப்புடிப் போகுது ஆத்தா பஸ் கட்டுற வேலை?" என்றார். "போகுதுப்பா" என்றேன். குரலிலேயே கண்டுபிடித்திருப்பார். "பாடி கட்டி மொத டிரிப்புலயே எவன் வண்டியும் சரியா ஓடாது. சத்தம் எங்கிட்டுருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும்" என்றார். அவருக்குத் தெரிந்தது பஸ். ஆறுதலுக்குச் சொன்னது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எண்களை மறுபடி விரித்தேன். கசிவு எவ்வளவு என்று மட்டும்தான் முந்தின நாள் பார்த்திருந்தோம். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். மென்பொருளின் சுற்றில் சில சிப்புகளில் இடது டிரான்சிஸ்டர் பலமாக இருந்தது, சிலவற்றில் வலது. அது ஆலையின் ஏற்ற இறக்கம், தற்செயல். என் சுற்றில் ஒவ்வொரு சிப்பிலும், விதிவிலக்கே இல்லாமல், இடது பக்கம்தான் சாய்ந்திருந்தது.

தற்செயல் என்றால் இரண்டு பக்கமும் சாயும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருக்க வேண்டும், அந்தக் காரணம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

"பியோத்தர், இடது பக்கத்தில் என்ன இருக்கிறது?"

"என்ன இருக்கிறதோ அதேதான் வலது பக்கத்திலும். நான் வரைந்ததை நீயும் பார்த்தாயே."

"இரட்டையரைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அடுத்த வீட்டில் யார்?"

அவர் வரைபடத்தைச் சுருக்கி, சுற்றுப்புறம் தெரியும்படி காட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அனுப்புவதற்கு முந்தின நாள் இடம் போதவில்லை என்று ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை இடது பக்கம் நகர்த்தியிருந்தோம். அதனோடு அதன் கிணறும் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் அதற்குக் கிணறு என்றே பெயர். சில டிரான்சிஸ்டர்களுக்காகச் சிலிக்கானில் தனியாகத் தோண்டிய மாதிரி ஒரு பகுதி. அந்தக் கிணற்றை உண்டாக்க அயனிகளைப் பாய்ச்சும்போது, மறைப்பின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் சில அயனிகள் பக்கத்தில் இருப்பவரின் மீது விழும். விழுந்தால் அந்த டிரான்சிஸ்டரின் குணம் இம்மியளவு மாறும். பழைய ஆலையில் எல்லாம் எட்ட எட்ட இருந்ததால் நாங்கள் இதற்காகத் தூக்கம் கெட்டதில்லை. புதியதில் எல்லாம் நெருக்கம். நகர்த்திய பிறகு, பக்கத்துக் கிணறு என்ன செய்யும் என்று பார்க்கும் கணினிச் சோதனையை மறுபடி ஓட்டவில்லை.

ஓட்டினோம். கணினியும் இடது பக்கமே சாய்ந்தது. ஏறக்குறைய அதே அளவு.

பியோத்தர் மேசையை ஓங்கித் தட்டினார். பிறகு, "நகர்த்தியது நான்" என்றார்.

"சரி என்று சொன்னது நான்" என்றேன். "இனி நகர்த்தலாம் வா."

கிணற்றின் விளிம்பை இரண்டு பக்கமும் சம தூரத்துக்குத் தள்ளினோம். இரட்டையருக்கு இருபுறமும் வேலை எதுவும் செய்யாத காவலர்களாகச் சில டிரான்சிஸ்டர்களை நிறுத்தினோம். திங்கட்கிழமை ஆன்கேயிடம் இரண்டு படங்களை வைத்தேன்: இரண்டு பக்கமும் சிதறிய மென்பொருளின் புள்ளிகள், ஒரே பக்கம் ஒட்டி நின்ற எங்கள் புள்ளிகள். "இந்தச் சிதறலை யாராலும் சரிசெய்ய முடியாது. இந்தச் சாய்வை நாங்கள் சரிசெய்துவிட்டோம்" என்று ஜெர்மனில் சொன்னேன். ரௌஷென் என்ற சொல்லை மூன்று முறை, கடைசி அசையோடு சொன்னேன்.

ஆன்கே நெடுநேரம் படங்களைப் பார்த்தார். "இதை மேலிடத்துக்கு நீயே வந்து சொல்" என்றார். போனேன். சொன்னேன். இறுதிச் சிப்புக்குக் கையெழுத்திட்டார்கள்.

7

இங்கே வருஷத்தில் ஒரு நாள், பள்ளிப் பெண்களைத் தொழில்நுட்ப வேலைகளைப் பார்க்க அலுவலகங்களுக்கு அனுப்புவார்கள். ஜெனி தன் அப்பாவின் அலுவலகத்துக்குப் போகத்தான் விண்ணப்பித்தாள். அவர்கள் இந்த வருஷம் யாரையும் சேர்க்கவில்லை. வேறு வழியில்லாமல், தன் தோழி லீனாவையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். டிராமில் என்னிடமிருந்து இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.

இறுதிச் சிப்புகள் வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அளவுகள் எல்லாம் முடிந்திருந்தன. கசிவு பழைய ஆலையின் சிப்பைவிடக் குறைவு, பாதி மின்சாரத்தில். பியோத்தர் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்தார். மிச்சமிருந்தது உண்மையான இதயம் ஒன்றை மாட்டிப் பார்ப்பது. புது சிப்பைப் பொருத்திய, பாட்டரியில் ஓடும் சின்னச் சுற்றுப் பலகைதான், பயமில்லை. ஆனாலும் பிள்ளைகள்மீது மாட்டக் கூடாது என்பது விதி. "யாருடைய சுற்றோ அவருடைய இதயம்" என்றார் பியோத்தர்.

கையில் இரண்டும் காலில் ஒன்றுமாக மின்முனைகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பியோத்தர் பலகையின் சுவிட்சைத் தட்டிவிட்டார். திரையில் கோடு ஒரு முறை தத்தளித்துவிட்டு நிலைத்தது. பிறகு வந்தது. ஒவ்வொரு துடிப்பும், சின்ன மேடு, கூரான சிகரம், மெல்லிய மேடு என்று, கூர் பென்சிலால் வரைந்ததுபோல. மேலே ஆய்வகத்தின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மேசையில் பத்துக் கருவிகள் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை.

ஆன்கே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பியோத்தர் போலிஷில் ஏதோ சொன்னார். வசைச்சொல் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மிகுந்த அன்போடு.

லீனா ஜெனியிடம் கேட்டாள், இது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று. நான் வாய் திறக்கும் முன் ஜெனி சொல்லத் தொடங்கினாள். சரளமான ஜெர்மனில், கையை ஆட்டி ஆட்டி. இரண்டு இரட்டையர் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும், பக்கத்தில் கிணறு வந்ததால் முதலில் தப்பாகிவிட்டது, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நான் அதை அவளிடம் விளக்கியதே இல்லை. சமையலறையில் வின்சென்ட்டிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். தமிழில் கேட்டதை ஜெர்மனில் தப்பில்லாமல் சொல்கிறாள்.

சொல்லி முடித்துத் திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். ஓரத்தில் இருந்த எண் ஏறிக்கொண்டே போனது. கோட்டின் சிகரங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. என் பக்கம் வந்து குனிந்து, தமிழில் கேட்டாள்.

"அம்மா, ஏன் இவ்ளோ வேகமா அடிக்குது? ஒனக்கு ஒண்ணுமில்லல்ல?"

"ஒண்ணுமில்ல. நீ பேசுனதக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பியோத்தரின் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"போதுமா, கழற்றிவிடலாமா?" என்று பியோத்தர் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றேன்.